அலர்ஜி தராத நாய்னு ஒண்ணு இருக்கா?

1/ தாம்பரம், சேலையூர் பக்கம் வீசிங் உள்ள குழந்தை வீட்டில் நாய் ஆசை வந்தா, "லாப்ரடூடுல் வாங்குங்க, முடி கொட்டாது, அலர்ஜி வராது" என்பார்கள். அந்த நம்பிக்கைக்கு 40 வயசுகூட ஆகலை.

2/ ஆஸ்திரேலியாவில் பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்களை உருவாக்கியவர் வாலி கான்ரன். ஹவாயில் ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு நாய் தேவை, கணவருக்கோ அலர்ஜி. 1989-ல் லாப்ரடாரையும் பூடுலையும் சேர்த்தார். பிறந்தது மூணு குட்டி. கணவருக்கு ஒத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு!

3/ மத்த ரெண்டையும் வளர்க்க ஆளில்லை, கலப்பாச்சே. "லாப்ரடூடுல்"னு பேர் வெச்சதும் கேட்டு வந்தாங்க. அந்த மோகத்தைப் பார்த்துப் பின்னாளில் கான்ரனே வருந்தினார்.

4/ அலர்ஜிக்குக் காரணம் முடி இல்லைங்க. எச்சிலிலும் தோல் செதிலிலும் உள்ள புரதம். எல்லா நாய்க்கும் அது உண்டு.

5/ சரி, தூய இனம்? நம்ம ராஜபாளையத்துக்கு 2005-ல் தபால்தலையே வந்தது. ஆனா வெள்ளை நிறத்துக்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்ததில், காது கேட்காத குட்டிகளும் பிறக்குது.

6/ தெருவில் கிடைச்ச குட்டிக்கு விலை கிடையாது. அலர்ஜி விஷயத்தில் அதுவும் மத்த நாய் மாதிரிதான். அதனால இனத்தின் பேரைப் பார்க்காதீங்க. உங்க டாக்டரைக் கேட்டு, குழந்தையை அந்த நாயோடவே சில முறை பழகவிட்டு முடிவு பண்ணுங்க. எந்த நாயானாலும் ரேபிஸ் தடுப்பூசி கட்டாயம்.