நன்கொடை, கடன், இழப்பீடு: பெங்களூரு நிருவாக வரலாற்றில் கால்நடை நிவாரணம்

முன்னுரை

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் தமிழில் உண்டு. அச்செல்வம் பஞ்சத்தாலும் நோயாலும் அழிந்தபோது அரசு அதனை எவ்வாறு ஈடுசெய்தது என்பதைப் பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட நிலப்பகுதியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

நன்கொடை

1831 முதல் 1881 வரை மைசூர் நாட்டை ஆங்கிலேய ஆணையர்கள் பெங்களூருவிலிருந்து ஆண்டனர். தமிழகம் தாது வருடப் பஞ்சம் என்று நினைவுகூரும் 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் மைசூரையும் தாக்கிற்று. 1871இல் ஏறத்தாழ 50.5 இலட்சமாக இருந்த மக்கள்தொகை, 1881இல் 41.9 இலட்சமாகக் குறைந்தது. தீவனமின்றி மாடுகளும் மடிந்தன. நிவாரண வேலைகளும் கஞ்சித்தொட்டிகளும் மனித உயிரைக் காப்பதையே இலக்காகக் கொண்டன. மழை திரும்பியபோது உயிர் பிழைத்த உழவனிடம் ஏர்பூட்ட மாடில்லை. தென்னிந்தியாவில் அக்குறையை ஓரளவு தீர்க்க முன்வந்தது, இலண்டன் மாநகரத் தலைவர் 1877இல் திரட்டிய பொதுமக்கள் நன்கொடை நிதியாகும். விதையும் உழவுமாடும் வாங்க அந்நிதி உதவிற்று. கால்நடை இழப்பு அன்று அறத்தின் பொறுப்பாகவே கருதப்பட்டது எனலாம்.

கடன்

மைசூரின் பஞ்ச ஆணையராக இருந்த சார்லசு எலியட், பின்னர் இந்தியப் பஞ்ச ஆணைக்குழுவின் செயலாளரானார். அக்குழு 1880இல் அறிக்கை அளித்தது. பிரித்தானிய இந்தியாவுக்கென இயற்றப்பட்ட 1884ஆம் ஆண்டு உழவர் கடன் சட்டம், விதையும் மாடும் வாங்க அரசுக் கடன் வழங்க வகைசெய்தது. ஆயினும் அது விளைநிலம் உடையோர்க்கும் அதனை அனுபவிப்போர்க்கும் உரியதாக இருந்தது. நிலமின்றி மாடு மட்டுமே உடையோர் அச்சட்டத்தின் எல்லைக்கு அப்பால் நின்றனர்.

இழப்பீடு

2022இல் தோல் கழலை நோய் பரவியபோது கருநாடக அரசு, இறந்த பசுவுக்கு 20,000, எருதுக்கு 30,000, கன்றுக்கு 5,000 ரூபாய் என இழப்பீடு அறிவித்தது. இங்கே அளவுகோல் நிலமன்று, இறந்த விலங்கே. திருப்பிச் செலுத்த வேண்டாத தொகை என்பதும் கருதத்தக்கது. எனினும், அதே ஆண்டின் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிகள், இயற்கைப் பேரிடரில் இறக்கும் கறவை மாட்டுக்கு 37,500 ரூபாயும் எருதுக்கு 32,000 ரூபாயும் வரையறுத்தன. வெள்ளத்தில் இறந்த பசுவுக்கு ஒரு மதிப்பு. நோயில் இறந்த பசுவுக்கு வேறொரு மதிப்பு.

முடிவுரை

நன்கொடை கடனாகவும் கடன் இழப்பீடாகவும் மாறியமை, கால்நடை உடையோரை இரவலர் நிலையிலிருந்து உரிமை கோருவோர் நிலைக்கு உயர்த்தியுள்ளது. ஆனால் அவ்வுரிமையின் அளவை இன்றும் உடையவரின் இழப்பு முடிவுசெய்யவில்லை. விலங்கு இறந்த காரணமே முடிவுசெய்கிறது. கறவை நின்ற வீட்டில் அவ்விரு சாவுகளுக்கும் வேறுபாடில்லை என்பதை நிவாரண விதிகள் கருத்திற்கொள்ள வேண்டும்.