ஃபுல் டவர் இருக்கு... ஆனா நெட் வரலையா? 2ஜி முதல் 5ஜி வரை வேகத்தின் கணக்கு இதுதான்!

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி தத்தளித்தது. கரண்ட் கட். அடுத்து பல தெருக்களில் செல்போன் சிக்னலும் போனது. படகு கேட்டுப் பேசக்கூட வழியில்லாமல் பலர் மாடியில் காத்திருந்தனர். 5ஜி வந்து ஓராண்டு கடந்த நகரத்தில் ஏன் இந்த நிலை? அதைப் புரிந்துகொள்ள, முதலில் இந்த 'ஜி' என்றால் என்ன என்று பார்ப்போம்.

'ஜி' என்றால் என்ன?

'ஜி' என்பது ஜெனரேஷன், அதாவது தலைமுறை. இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ல் கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது. அது 2ஜி காலம். பேச்சும் எஸ்எம்எஸ்ஸும்தான் பிரதானம். சென்னைக்கு பிஎஸ்என்எல் மூலம் 2009-ல் 3ஜி வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு 4ஜி எல்லார் கைக்கும் போனது. 2022 அக்டோபரில் ஏர்டெல், ஜியோ இரண்டுமே சென்னையில் 5ஜி சேவையைத் தொடங்கின.

1 ஜிபி படம் டவுன்லோடு ஆக எவ்வளவு நேரம்?

2ஜி எட்ஜில் 200 கேபிபிஎஸ் வேகம் கிடைத்தால் சுமார் 11 மணி நேரம். 3ஜியில் 2 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல். 4ஜியில் 20 எம்பிபிஎஸ் வந்தால் 7 நிமிடத்துக்குள். 5ஜியில் 200 எம்பிபிஎஸ் என்றால் வெறும் 40 விநாடி. டெய்லி டேட்டா தீர்ந்து 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டால்? கிட்டத்தட்ட 35 மணி நேரம்!

இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். எம்பிபிஎஸ் என்பது மெகா 'பிட்'. ஃபைல் அளவு மெகா 'பைட்'. 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். அதனால் 100 எம்பிபிஎஸ் வேகம் என்றால் விநாடிக்கு 12.5 எம்பிதான் இறங்கும்.

ஃபுல் டவர் இருந்தும் ஏன் ஸ்லோ?

போனில் தெரியும் கோடுகள் சிக்னலின் பலத்தை மட்டுமே காட்டும்; கூட்டத்தை காட்டாது. ஒரு டவரின் வேகத்தை அங்குள்ள எல்லாரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சாயங்காலம் விஜயநகர் பஸ் ஸ்டாண்டில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்த்தால் வேகம் குறையத்தான் செய்யும்.

அலைவரிசையும் முக்கியம். 3,300 மெகாஹெர்ட்ஸ் பேண்டில் வரும் 5ஜி அதிக டேட்டாவை சுமக்கும். ஆனால் அதிக தூரம் போகாது, கான்கிரீட் சுவரைத் தாண்டவும் திணறும். 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த பேண்டுகள் தூரம் போகும், வேகம் குறைவு. வாசலில் 5ஜி, பெட்ரூமில் 4ஜி என்று மாறுவது இதனால்தான்.

வெள்ளத்தில் என்ன நடக்கும்?

டவர் ஓடுவது மின்சாரத்தில். கரண்ட் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் ஜெனரேட்டர். தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் டீசல் கொண்டுபோக முடியாது. டவருக்கு வரும் ஃபைபர் கேபிள் பழுதானாலும் அதே கதைதான். எத்தனை 'ஜி' வந்தாலும் டவருக்கு உயிர் கரண்ட்தான்.

மழை நாளில் இதை செய்யுங்க

* பேச முடியலையா? எஸ்எம்எஸ் அனுப்புங்க. அதற்கு மிகக் குறைந்த சிக்னலே போதும். உடனே சேராவிட்டாலும் நெட்வொர்க் மறுபடி முயற்சிக்கும்.
* 5ஜி விட்டுவிட்டு வந்தால் செட்டிங்ஸில் 4ஜிக்கு மாற்றுங்க. சிக்னலைத் தேடித் தேடி பேட்டரி தீர்வது குறையும்.
* ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. ஏர்டெல், வி, பிஎஸ்என்எல்லில் 2ஜி உண்டு. வீட்டில் இரண்டு நிறுவன சிம் இருந்தால் ஒன்று போனாலும் இன்னொன்று கைகொடுக்கலாம்.
* உங்கள் நெட்வொர்க் முழுசா போனாலும் 112-க்கு முயற்சி பண்ணுங்க. பக்கத்தில் வேறு நிறுவன டவர் இயங்கினால் அதன் வழியே அவசர அழைப்பு போக வாய்ப்புண்டு.
* மழை எச்சரிக்கை வந்ததுமே போனையும் பவர் பேங்கையும் ஃபுல் சார்ஜ் போட்டு வைங்க.