பிழை எண் 43: ஒரு கிராபிக்ஸ் கார்டின் கதை

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்குப் பழைய தலைவலி ஒன்று உண்டு. வேலைக்கு லினக்ஸ், கேம் ஆட விண்டோஸ். ஒவ்வொரு தடவையும் கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். லினக்ஸுக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியில் விண்டோஸை ஓட்டினால் என்ன? ஓடும். ஆனால் அதற்குக் கிடைப்பது பெயருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டுதான். கேம் நகராது!

2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20 கெர்னலில் கேவிஎம் சேர்ந்தது. புராசஸரைப் பங்கு போடும் வேலை அதோடு எளிதானது. நிஜ கார்டை அப்படியே உள்ளே கொடுப்பதுதான் சிக்கல். கார்டு மெமரியில் நேரடியாக எழுதும். மெய்நிகர் கணினி சொல்லும் முகவரி வேறு, உண்மையான முகவரி வேறு. அப்படியே விட்டால் லினக்ஸின் மெமரியையே கெடுத்துவிடும். இந்த முகவரிகளை மாற்றிக் கொடுத்து, எல்லை தாண்டாமல் காவல் காப்பதுதான் ஐஓஎம்எம்யூ. இன்டெல் அதை விடி-டி என்று அழைக்கிறது.

அந்தக் காவலை நம்பி எழுதப்பட்டது விஎஃப்ஐஓ. சிஸ்கோவின் டாம் லயன் தொடங்கிய வேலையை ரெட் ஹாட்டின் அலெக்ஸ் வில்லியம்சன் தொடர்ந்தார். 2012-ல் 3.6 கெர்னலில் அது சேர்ந்தது. 2013-ல் 3.9 கெர்னலில் விஜிஏ ஆதரவும் வந்தது.

பிறகு வந்தது அடுத்த தடை. தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ளக்கூடிய சாதனங்களை ஐஓஎம்எம்யூ ஒரே குழுவாக வைக்கும். பிரித்துக் கொடுக்க முடியாது. மதர்போர்டு சரியில்லை என்றால் கார்டோடு வேறு சாதனங்களும் மாட்டிக்கொள்ளும். இதை மீற வில்லியம்சனே ஒரு பேட்ச் எழுதினார். ஆனால் அது பாதுகாப்பைக் குறைக்கும் என்பதால் அதிகாரப்பூர்வ கெர்னலில் சேரவில்லை.

எல்லாம் சரியாக அமைந்தும் பலருக்கு விண்டோஸில் மஞ்சள் முக்கோணம் வந்தது: பிழை எண் 43. கார்டு பழுதில்லை. என்விடியாவின் டிரைவர், தான் மெய்நிகர் கணினிக்குள் இருப்பதைக் கண்டுபிடித்ததும் ஜீஃபோர்ஸ் கார்டை இயக்க மறுத்தது. விலை அதிகமான குவாட்ரோ கார்டுகளுக்கு இந்தத் தடை இல்லை. ஒரே மாதிரி சரக்கை இரண்டு சந்தைக்கு இரண்டு விலையில் விற்கும் உத்தியோ என்று பலரும் சந்தேகப்பட்டார்கள். 2014-ல் கியூஎமு 2.1-ல் கேவிஎம்மின் அடையாளத்தை மறைக்கும் வசதி வந்தது. காசு கொடுத்து வாங்கிய கார்டை வேலை செய்ய வைக்க, அதன் டிரைவரிடமே பொய் சொல்ல வேண்டியிருந்தது!

2021 மார்ச்சில் 465 வரிசை டிரைவரோடு, ஜீஃபோர்ஸ் கார்டை விண்டோஸ் மெய்நிகர் கணினிக்குக் கொடுக்க என்விடியாவே அனுமதித்தது. ஏழு வருட ஒளிந்து விளையாட்டு அதோடு முடிந்தது.

இன்றும் கார்டு வேலை செய்யவில்லை என்றால் தேடும் வரிசை இந்த வரலாற்றின் வரிசைதான்: பயாஸில் ஐஓஎம்எம்யூ ஆன் ஆகியிருக்கிறதா, லினக்ஸ் டிரைவருக்கு முன்பே விஎஃப்ஐஓ கார்டைப் பிடித்ததா, குழுவில் வேறு யாராவது இருக்கிறார்களா, கடைசியாக டிரைவர். பொருளை வாங்கியவருக்கு அதன் மேல் எவ்வளவு உரிமை என்ற கேள்விக்கு மட்டும் எந்த செட்டிங்கிலும் பதில் இல்லை.