சாட்சி

வடமொழி ‘சாக்ஷி’ தமிழில் சாட்சி ஆனது. ‘அக்ஷி’ என்றால் கண். கண்ணால் கண்டவர் என்பதே வேர்ப்பொருள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘சாட்சி சொல்லுதல்’ என்னும்போது, கடவுள் தம் வாழ்வில் செய்ததைப் பிறரிடம் எடுத்துரைப்பதைக் குறிக்கிறார்கள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியம் ‘சான்று’ என்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இச்சொல் ‘மார்த்துஸ்’. விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்களையும் பின்னர் அதுவே குறித்தது. தமிழில் அவர்கள் இரத்தசாட்சிகள், கத்தோலிக்க வழக்கில் மறைசாட்சிகள்.

சொல்லின் முழுப் பொருளையும் யோவான் 9ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். பிறவியிலேயே பார்வையற்றிருந்து இயேசுவால் பார்வை பெற்றவரைப் பரிசேயர் துருவித் துருவிக் கேட்கிறார்கள். இயேசு பாவியா என்ற கேள்விக்கு அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. முன்பு பார்வை இல்லை, இப்போது இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறார். இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? பேதுருவின் முதல் நிருபம் 3ஆம் அதிகாரமும், நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லச் சொல்கிறது. கேள்விதான் அங்கே முதலில் வருகிறது.

உங்கள் விசுவாசத்தைப் பற்றி நண்பர் ஆவலோடு கேட்டால், கண்டதைச் சொல்லுங்கள். மேலும் சொல்ல அவர் கேட்கும்வரை பொறுத்திருங்கள்.