பத்தடி அறையும் ஏழு பேர்ச் நிலமும்

பதுளைக்கு வரும் வெளியூர் அன்பர்களுக்கு நாம் அழைத்துச் சென்று காட்டும் பழமைச் சின்னங்கள் சில உண்டு. முதியங்கனை விகாரையைக் காட்டுகின்றோம். கதிர்காமத் தேவாலயத்தைக் காட்டுகின்றோம். இடிவிழுந்து மாண்ட மேஜர் ரொஜர்ஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் நினைவாக 1857ஆம் ஆண்டில் எழுந்த சென். மார்க் ஆலயத்தையும், 1924ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற புகையிரதப் பாதையையும், அப்பாதை தன்னைத்தானே சுற்றிவரும் தெமோதரை வளைவையும் காட்டுகின்றோம். இவை ஒவ்வொன்றுக்கும் ஆண்டு உண்டு, பெயர் உண்டு, வரலாறு எழுதினாரும் உண்டு. ஆனால் ஸ்பிரிங்வெலிப் பக்கமோ பசறைப் பக்கமோ சில கட்டை தூரம் சென்றால், மலைச் சரிவுதோறும் நீண்டு கிடக்கும் தகரக் கூரைகளை எவரும் நின்று காட்டுவதில்லை. அவற்றுட் பல நூறாண்டைக் கடந்தவை. நம் மூதாதையர் பிறந்ததும், மணந்ததும், மாண்டதும் அவற்றினுள்ளேதான்.

அந்த லயங்கள் இன்று ஒன்றன்பின் ஒன்றாக இடிக்கப்படுகின்றன. இடிபடட்டும், அதற்காகக் கண்ணீர் விடுவோம் அல்லோம். ஆயினும் இடிபடுவது எது, அதன் இடத்தில் எழுவது எது என்பதை இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும். இக்கட்டுரை அதன் பொருட்டே எழுதப்படுகின்றது.

மேற்சொன்ன ரொஜர்ஸ் துரை யானை வேட்டையிற் பெயர் பெற்றவர். ஊவாவில் அவர் செய்த நிலைத்த காரியம் வேட்டையன்று, சாலை. 1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் அவர் மாண்டபோது, அச்சாலைகள் வழியே கோப்பிப் பயிர் மலையேறத் தொடங்கிவிட்டது. அதற்கு வேண்டிய நிலம் எங்கிருந்து வந்தது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்டமுடியாத காட்டையும் தரிசையும் அரசுக்கே உரியதாக்கிற்று. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதிலிருந்து நிமிர முடியாதிருந்த ஊவாக் கிராமத்தவர் காட்டுவதற்குப் பத்திரம் ஏது? ஆக, உறுதி இல்லாமையினால் ஒரு சாரார் நிலத்தை இழந்தனர். அந்நிலத்தில் உழைக்கக் கொண்டுவரப்பட்ட மற்றொரு சாரார் உறுதியே பெறாமல் ஒன்றரை நூற்றாண்டு வாழ்ந்தனர். இவ்விரு சாராரையும் பிற்காலத்தில் பகைமூட்டியோர் இந்தத் தொடக்கத்தை எடுத்துரைக்கவில்லை.

கோப்பிக் காலத்துக் குடில்கள் மண்சுவரும் புல்வேய்ந்த கூரையுமாக இருந்தன. அறுவடைக்கு வந்து திரும்பிப் போகும் ஆட்களுக்கு அது போதும் என்று துரைமார் எண்ணினர். 1869ஆம் ஆண்டிற் காணப்பட்ட இலைநோய் பத்துப் பதினைந்து ஆண்டுகளிற் கோப்பியை அழித்தது. தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆகவே ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும், குடும்பமாக வேண்டும், பெண்கள் வேண்டும். கல்லாற் கட்டித் தகரம் வேய்ந்த நிலையான லயங்கள் எழுந்தது அதனாலேயே. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கத்தில் தோட்டங்கள் வாங்கினார். புகையிரதம் 1893இல் அப்புத்தளையையும், மறு ஆண்டு பண்டாரவளையையும் எட்டிற்று. தேயிலை செழித்த அந்த ஆண்டுகளே லயங்கள் பெருகிய ஆண்டுகளும் ஆகும்.

லயத்தின் அமைப்பைச் சற்று நின்று பார்ப்போம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. முன்னே ஓர் இஸ்தோப்பு. அதன் ஓரத்திலே அடுப்பு. இப்படிப் பன்னிரண்டு காம்பிரா ஒரு வரிசை. பல தோட்டங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசையாக இருபத்துநான்கு காம்பிரா. பின்சுவர் அடுத்த வீட்டுக்காரனுக்கும் பின்சுவர் ஆனபடியால், சன்னலுக்கு இடமில்லை; புகை போக வழியில்லை. மகனுக்கு மணமானால் சேலை ஒன்று குறுக்கே தொங்கும்; அதுவே புது மனை. நீருக்குப் பொதுப் பீலி. கழிவுநீருக்குக் கான்.

‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல்லை நம்மவர் ‘லயம்’ ஆக்கிக்கொண்டனர். இசையிலே லயம் என்றால் உயர்ந்த பொருள். குதிரை கட்டும் லாயத்துக்கும் இதற்கும் எழுத்திலே ஒரு கால்தான் வேறுபாடு. வாழ்க்கையிலே அந்த வேறுபாடும் இருந்ததா என்பதை முதியோரே சொல்லட்டும். நம் மக்கள் அதை வீடு என்று சொன்னதும் குறைவு. ‘எத்தனையாம் காம்பிரா?’ என்றே கேட்டனர். கடிதம் வருவதும் தோட்டத்துக் காரியாலயம் வழியாகத்தான், தனக்கென முகவரியில்லை.

இத்தகைய கட்டிடம் நமக்கென்றே புனையப்பட்டதன்று. இங்கிலாந்தில் பர்மிங்காம், லீட்ஸ் முதலிய தொழில் நகரங்களிலும் முதுகோடு முதுகு ஒட்டிய தொழிலாளர் வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. நோய் பரவக் கண்ட அந்நாட்டுப் பாராளுமன்றம் 1909ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவ்வகை வீடுகளைப் புதிதாகக் கட்டுவதைத் தடுத்தது. ஆள்வோர் தம் நாட்டில் தீது என்று கண்ட கட்டிடம், இங்கே ஆளப்படுவோர்க்குப் போதுமானதாயிருந்தது. இப்போது பர்மிங்காமில் அத்தகைய வீட்டுத் தொகுதிகளுள் எஞ்சிய ஒன்றைப் பழுதுபார்த்து, 2004 முதல் காட்சிச்சாலையாக வைத்திருக்கின்றனர்.

லயத்தைக் குறித்து இன்னொரு கசப்பான உண்மையையும் சொல்லிவிட வேண்டும். கங்காணிமார் தத்தம் ஊரிலிருந்தும் சாதியிலிருந்தும் ஆள் திரட்டினர். ஆகவே லயங்களும் சாதிவாரியாகப் பிரிந்தன. மேட்டு லயத்தார் பணிய லயத்தில் தண்ணீர் வாங்கிக் குடியாத காலம் இருந்தது. இதைத் துரை மட்டும் செய்தான் என்று கூறித் தப்ப முடியாது. எனினும், அதே முற்றங்களிலேதான் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் ஆடப்பட்டன. ஸ்டோர் இயந்திரத்தின் சக்கரத்திலே ரோதமுனியையும், கவ்வாத்து மலையிலே கவ்வாத்துசாமியையும் கண்டு கும்பிட்ட மக்கள் அவர்கள். எந்த ஆகமத்திலும் இல்லாத இத்தெய்வங்கள், கத்தியும் இரும்பும் கையைத் துண்டித்துவிடும் என்ற அச்சத்திலிருந்து பிறந்தவை.

இனி நம் பொருளின் நடுவுக்கு வருவோம். லயத்தின் தீமை அதன் சிறுமையிலன்று. அது வேலையோடு கட்டப்பட்டிருந்ததிலேயே உள்ளது. பெயர் செக்ரோலில் உள்ளவரை கூரை உண்டு. பெயர் வெட்டுப்பட்டால் கூரையும் இல்லை. துண்டுமுறை 1921இல் ஒழிந்து கடன்தளை நீங்கிய பின்னும் இந்தத் தளை நீங்கவில்லை. வேலைநிறுத்தத்திற்கு முன்னின்றவனைத் தண்டிக்கச் சிறை வேண்டியதில்லை, பற்றுச்சீட்டு போதும்; மறுநாள் அவன் குடும்பம் றோட்டிலே. 1946ஆம் ஆண்டில், கேகாலைப் பகுதியிலுள்ள நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசாங்கம் கிராமத்தவர்க்குப் பகிர்ந்தளிக்க எடுத்துக்கொண்டு, அங்கிருந்த தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் வெளியேற மறுத்தனர். அவர்க்கு ஆதரவாக வேலைநிறுத்தம் மூண்டது. தோட்டத்து மனிதனுக்குத் தான் வாழும் மண்ணில் உரிமை உண்டா என்ற கேள்வி அன்று பகிரங்கமாக எழுந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அதற்குக் கொடுத்த விடையை நாம் அனைவரும் அறிவோம்.

நாடற்றவனுக்கு எவர் வீடு கட்டுவார்? 1964 ஒக்டோபரில் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரை எண்ணி, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சியோரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் பாதி பாதியாக்கிற்று. ஒரே காம்பிராவில் அண்ணன் அக்கரைக்கும் தம்பி இக்கரைக்கும் எழுதப்பட்ட கதைகள் ஊவாவெங்கும் உண்டு. எவர் போவார், எவர் இருப்பார் என்று தெரியாத அந்தக் காலத்தில் கூரைத் தகரம் மாற்றவும் தோட்ட நிருவாகத்துக்கு மனம் வரவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. எசமானர் மாறினார், லயம் மாறவில்லை.

நகரத்திலே சொந்தமாக வீடும் கடையும் வைத்திருந்தோரின் நிலை மேலானது என்றும் சொல்லமுடியாது. 1983 ஜூலை 27ஆம் நாள், பதுளைக் கடைத்தெருவிலே தமிழர் கடைகள் எரிந்தன, வீடுகளும் எரிந்தன. உறுதிப்பத்திரம் இருந்தோரும் அன்று சாம்பலையே கண்டனர். அந்நாளை அறிந்த பெரியோர் இன்னும் நம்மிடையே உளர். ஆகவே விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1992இல் தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகையும் எழுதப்பட்டது. பெருந்தோட்ட வீடமைப்புக்கென ஒரு நிதியமும் உருவாயிற்று. தனிவீடுகளும் இரட்டை வீடுகளும் எழுந்தன. தொழிலாளர் கடன்பட்டு, சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டி, தாமே கல்சுமந்து அவற்றை முடித்தனர். நல்லதே. ஆனால் கடனைத் தீர்த்தவர் கையிலும் பெரும்பாலும் உறுதி இல்லை. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, கடன் மட்டும் தொழிலாளியினுடையது! கிராமத்துக்குச் சாலையும் விளக்கும் தரும் பிரதேச சபைகூடத் தோட்டத்தினுள் பணம் செலவிட முடியாதபடி, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் ஒரு பிரிவு தடுத்து நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. ஏழு பேர்ச் நிலமும் தனிவீடும் உறுதியும் என்ற கொள்கையை அரசு ஏற்றது 2015க்குப் பின்னரே. ஏழு பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. பழைய அறையோ 120 சதுர அடி. கணக்குப் பார்த்தால் பெரிது. தலைமுறைகளால் வகுத்துப் பார்த்தால் சிறிது.

ஒப்புக்காக மும்பாயைப் பார்க்கலாம். அங்கே 1920களில் எழுந்த பி.டி.டி. சால்கள் என்னும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் ஒரு குடும்பத்துக்கு 160 சதுர அடி அறைதான். அவற்றை இடித்து, அங்கேயே குடியிருந்தோர்க்கு 500 சதுர அடி வீடு சொந்தமாகத் தரும் வேலை நடக்கின்றது. அந்த நகரத்திலே நிலம் பொன்விலை. அங்கே முடிந்தது, தேயிலை பிடுங்கிக் காடு மண்டிக் கிடக்கும் மலையிலே ஏன் சுணங்குகின்றது?

சுணங்கியதன் விலையை ஊவா கொடுத்திருக்கின்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை, கொஸ்லாந்தைக்கு அண்மையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மலை சரிந்து மூடியது. அம்மண் நழுவும் மண் என்று கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகள் முன்னரே எச்சரித்திருந்தது. ‘வேறிடம் போங்கள்’ என்று சொல்லப்பட்டது உண்மை. எங்கே என்று காட்டப்பட்டதா? தனக்கென ஓர் அடி நிலமில்லாதவன் எங்கே போவான்? பிழைத்தோர் தற்காலிக முகாமில் இரண்டு ஆண்டுகள் காத்திருந்து, 2016ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மகல்தெனியாவில் கட்டப்பட்ட 75 வீடுகளுக்குக் குடிபோயினர். 2023 மார்ச்சில் அதே மலைத்தொடரிலே பூனாகலைக் கபரகலையில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வாப் புயல் வந்தபோது, பதுளை மாவட்டம் மறுபடியும் மண்சரிவுக்கு இரையாயிற்று. மழையைத் தெய்வச் செயல் என்று கூறலாம். சரிவின் அடியிலே லயத்தை நிறுத்தியது தெய்வமன்று.

நற்செய்தியும் இல்லாமலில்லை. இந்தியப் பிரதமர் 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவித்த 10,000 வீடுகளின் பொருட்டு, 2025 ஒக்டோபர் 12ஆம் நாள் பண்டாரவளையிலே ஏறத்தாழ 2,000 குடும்பத்தார்க்கு உரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. அவற்றை வாங்கிய கைகளிற் பல, கொழுந்து பறித்துக் கறுத்த கைகள்.

இடிப்பைக் குறித்து இரண்டு செய்திகள் எஞ்சியுள்ளன. புதிய வீட்டுக்கு ஒரு குடும்பம் போனபின் பழைய காம்பிராவை இடியாமல் வேறொரு குடும்பத்தை அதிலே குடியேற்றும் வழக்கம் சில தோட்டங்களில் உண்டு. அப்படியானால் லயம் ஒருபோதும் ஒழியாது. கூரைமேல் கல்லேற்றிக் காற்றுக்குத் தாக்குப்பிடிப்பது தொடரும். மறுபுறம், முழுவதும் இடிக்கப்படும் இடங்களில் எவரும் ஒரு படம்கூட எடுத்துவைப்பதில்லை. அப்புத்தளையில் 1931ஆம் ஆண்டு வில்லியர்ஸ் துரை கட்டிய அடிசம் மாளிகையைக் காணக் கட்டணம் கொடுத்துப் போகின்றோம். லயத்தைக் காட்சிச்சாலையாக்கிக் காத்துவரும் முயற்சியோ கம்பளைப் பக்கத்தில் பழைய பீக்கொக் தோட்டத்திலே ஒன்று நடந்தது. ஊவாவிலும் ஒரு லயத்தையாவது அவ்வாறு வைத்துக்கொள்ளலாம். எந்தத் தோட்டம், எத்தனை காம்பிரா, எந்த ஊரிலிருந்து வந்தோர் முதலில் குடியிருந்தனர், எந்த முற்றத்திலே காமன் நடப்பட்டான் என்பனவற்றை, நம் சங்கத்து இளைஞர் முதியோரிடம் கேட்டு எழுதிவைக்க ஓராண்டு போதும்.

கோயில்களையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். லயத்துக்கு மேலே நிற்கும் மாரியம்மன் கோயில்களுட் பெரும்பாலானவை தோட்டத்து நிலத்திலே, துரையின் வாய்மொழி அனுமதியோடு எழுந்தவை. லயம் பெயர்ந்து மக்கள் மறு மலைக்குப் போனால், திருவிழாவுக்குத் தேர் எங்கிருந்து புறப்படும்? ஏழு பேர்ச் அளக்க வரும் நில அளவையாளர் கோயிலின் எல்லையையும் அதே நாளிலே அளந்து, கோயிற் சபையின் பெயரில் பத்திரம் எழுத ஏற்பாடு செய்யவேண்டும் என்று ஒவ்வொரு தோட்டத்துக் கோயிற் சபையாரும் இப்போதே பிரதேச செயலாளர்க்கு விண்ணப்பிக்கலாம்.