பழவேற்காட்டில் எருமை இல்லாத எமன்

பழவேற்காடு போறவங்க பெரும்பாலும் ரெண்டு விஷயத்துக்குத்தான் போவாங்க. ஒண்ணு பூநாரை, இன்னொண்ணு இறால். நான் போனது இறாலுக்கு (இதுல என்ன வெட்கம்!). சாப்பிட்டு முடிச்சு, வெயில் தாழ டச்சுக்காரங்க கல்லறைத் தோட்டம் பக்கம் நடந்தா, வாசல்ல ரெண்டு எலும்புக்கூடுங்க நிக்குது. கல்லில் செதுக்கினது. ஒண்ணுகிட்ட மணற்கடிகாரம், இன்னொண்ணுகிட்ட மண்டையோடு.

"எமன்னா எருமை எங்க மாமா?" என்றான் கூட வந்த பொடியன். நியாயமான கேள்வி. நம்மூர் எமதர்மன் மீசை, கிரீடம், பாசக்கயிறு சகிதமா வருகிற வாட்டசாட்டமான ஆள். ஐரோப்பாவின் சாவு பட்டினி கிடந்த மாதிரி வெறும் எலும்பு.

அதுக்கு ஒரு பழங்கதை இருக்கு. 14-ம் நூற்றாண்டில் பிளேக் வந்து ஊர் ஊரா ஆட்களை வாரிக்கொண்டு போனபின், 'மரண நடனம்' என்று ஒரு கதை அங்கே பரவியது. எலும்புக்கூடு வந்து போப்பாண்டவர், ராஜா, வியாபாரி, உழவன், கைக்குழந்தை என்று வரிசையா எல்லார் கையையும் பிடிச்சு ஆட இழுத்துட்டுப் போகும். 1424-25ல் பாரிஸில் ஒரு கல்லறைத் தோட்டச் சுவரில் இதை வரைந்தார்கள். 1538ல் ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த மரக்கட்டை அச்சுப் படங்கள் புத்தகமாவே வந்தன. அடுத்த நூற்றாண்டில், கப்பல் வியாபாரத்தில் பணம் கொட்டிய ஹாலந்தில், வீட்டில் மாட்டுகிற ஓவியத்திலேயே மண்டையோடும் மணற்கடிகாரமும் அணைந்த மெழுகுவர்த்தியும் வந்து உட்கார்ந்தன. நம்ம பட்டினத்தார் சமாச்சாரம்தான். அவர் சமாதியும் இதே கடற்கரையில், தெற்கே திருவொற்றியூரில்தான் இருக்கு.

விலா எலும்பைச் செதுக்குறதும் நம்ம சிற்பிகளுக்குப் புதுசில்லை. காரைக்கால் அம்மையார் பேய் உருவம் கேட்டு வாங்கி, ஈசன் ஆட்டத்தைப் பார்த்துக் கிடந்த திருவாலங்காடு இதே திருவள்ளூர் மாவட்டம். ஆனா அந்த எலும்பு பயமுறுத்தாது, பாடும். பழவேற்காட்டு எலும்பு எச்சரிக்கும்.

யாரை எச்சரிக்குதுங்கிறதுதான் என்னைக் குடைஞ்ச கேள்வி.

டச்சுக் கம்பெனி இங்கே கால் ஊன்றியது 1610ல். 1613ல் கெல்டிரியா கோட்டை எழும்பியது. 1690ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவங்க தலைமையிடம் இதுதான். கோட்டை போனாலும் பக்கத்து மீனவர் குப்பத்தின் பேர் இன்னும் கோட்டைக்குப்பம். முக்கியச் சரக்கு துணி. இங்கே நெய்து சாயம் போட்டதைக் கிழக்கே கொண்டுபோய் மிளகும் கிராம்பும் வாங்கினாங்க.

துணி மட்டும் போகலை. பஞ்சம் வந்தப்போவெல்லாம் மனுஷங்களும் கப்பல் ஏறினாங்க. 1640களின் நடுவில் பெத்த பிள்ளையை அரிசிக்கு வித்த காலம். 1646ல் மட்டும் இந்தக் கரையிலிருந்து 2,000 பேருக்கு மேல் அடிமைகளா பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பப்பட்டாங்க.  தொல்லியல் துறை பாதுகாப்பில் உள்ளே 76 கல்லறைகள். பேர், வயசு, வகித்த பதவி, குடும்பச் சின்னம் எல்லாம் அழகா வெட்டியிருக்கு. எழுத்து இன்னைக்கும் படிக்கிற மாதிரி இருக்கு.

'சாவு முன்னாடி ராஜாவும் உழவனும் ஒண்ணு' என்கிற கதையை வாசலில் நிறுத்திட்டு, உள்ளே பதவி வாரியா கல் நட்டிருக்காங்க. பட்டாவியா போனவங்களுக்கு இங்கேயும் கல் இல்லை, அங்கேயும் இல்லை. மணற்கடிகாரம் அவங்களுக்குத் தேவையும் படலை. நேரம் ஆயிடுச்சுன்னு பஞ்சமே சொல்லிட்டுதே.

சிற்பத்தைக் குறை சொல்லலை. நல்ல வேலை. எனக்கு உள்ளூர்க் கை மாதிரிதான் தோணுது. அதைச் செதுக்கினவர் பேரும் அந்த வாசலில் இல்லைன்னு மட்டும் சொல்லி வைக்கிறேன்.

போறவங்க மதிய வெயிலில் போகாதீங்க, மண்டை காஞ்சிடும் :-) இறால் முன்னாடியா பின்னாடியா என்பது உங்க இஷ்டம். பொடியன் கட்சி, முன்னாடி.