பொத்தான் இல்லாத நெருப்பு

நெருப்பு என்றால் யாராவது பற்றவைக்க வேண்டும். சிக்கிமுக்கிக் கல்லோ, தீக்குச்சியோ, லைட்டரோ, எதுவானாலும் கைக்கு ஒரு வேலை உண்டு. மூச்சை இழுத்த மாத்திரத்தில் தானே சூடாகிற ஒரு வஸ்து கடைக்கு வந்து இருபது வருடம் சொச்சம்தான் ஆகிறது. அதை நெருப்பு என்று சொல்வதுகூட முழுக்கச் சரியில்லை. சுடும், ஆனால் எரியாது. இ-சிகரெட்டின் வயிற்றுக்குள் இருக்கிற குட்டி ஹீட்டரைத்தான் சொல்கிறேன்.

ஹீட்டரை விடுங்கள். அதற்கு ஸ்விட்ச் போடுகிற ஆசாமி ஒருவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். பெயர் சென்சார். இந்தக் கதையில் ஹீரோவும் அவர்தான். வில்லனும் ஒருவேளை அவர்தான்.

1963-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹெர்பர்ட் கில்பர்ட் என்ற மனிதர் ஒரு பேட்டண்டுக்கு விண்ணப்பித்தார். கொரியப் போருக்குப் போய்த் திரும்பியவர். பழைய இரும்பு வியாபாரி. அவர் யோசனை இதுதான்: புகையிலை வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். பேட்டரியில் சூடாகிற ஒரு குழல், அதற்குள் வாசனை ஏற்றிய ஈரக்காற்று. இழுத்துக்கொள்ளலாம். 1965-ல் பேட்டண்ட் கிடைத்துவிட்டது. கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். ம்ஹூம். தயாரிக்க ஒருவரும் முன்வரவில்லை. சிகரெட் உடம்புக்கு ஆகாது என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை விட்டதே 1964 ஜனவரியில்தான். விமானத்துக்குள்கூட ஊதித் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. புகையில்லாத சிகரெட்டை யார் சீந்துவார்கள்?

அடுத்து சிகரெட் கம்பெனிகளே களத்தில் குதித்தன. 1998-ல் பிலிப் மோரிஸ் நிறுவனம் 'அக்கார்ட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பேஜர் சைஸில் ஒரு டப்பா. அதற்குள் பிரத்தியேகமான ஒரு சிகரெட்டைச் செருகி உறிஞ்ச வேண்டும். உறிஞ்சுவதை உள்ளே இருக்கிற சிப் கண்டுபிடித்து ஹீட்டரைத் தட்டிவிடும். யோசனை பிரமாதம். ஆனால் டப்பாவை வாயில் வைத்துக்கொள்ள ஜனங்களுக்கு இஷ்டமில்லை. பத்து வருடம்கூட ஓடாமல் மூட்டை கட்டினார்கள்.

இப்போது சீனாவுக்கு வாருங்கள். ஷென்யாங் நகரம். ஹான் லிக் என்கிற மருந்தாளுநர். பெரிய புகைவண்டி. எப்படியாவது விட்டுத் தொலைக்க வேண்டும் என்று நிக்கோடின் பட்டை வாங்கித் தோலில் ஒட்டிக்கொண்டார். ராத்திரி கழற்ற மறந்துவிட்டுத் தூங்கினால் கெட்ட கெட்ட கனவாக வரும் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். கனவைவிட முக்கியமான ஒன்றை அவர் அந்தப் பட்டையில் கவனித்தார். அது நிக்கோடினை நாள் பூராவும் சொட்டுச் சொட்டாக விடுகிறது. சிகரெட் அப்படி இல்லை. இழுத்தால் கிடைக்கும். இழுத்த உடனே கிடைக்கும். உடம்பு பழகியிருப்பது அந்த 'உடனே'வுக்கு.

ஆக, மூச்சோடு சேர்ந்து இயங்குகிற கருவி வேண்டும். 2003-ல் ஹான் லிக் பேட்டண்டுக்கு விண்ணப்பித்த கருவியில் காற்றோட்டத்தை உணரும் சென்சார் இருந்தது. முதலில் அவர் திரவத்தை மூடுபனி மாதிரி ஆக்கியது ஹீட்டரால் அல்ல, அல்ட்ராசோனிக் அதிர்வால். ஹீட்டர் கம்பி பிற்பாடு அந்த இடத்தைப் பிடித்தது. 2004-ல் 'ரூயான்' என்ற பெயரில் சீனாவில் விற்பனை ஆரம்பம். புகை மாதிரி என்று அர்த்தம். இழுக்கும்போது நுனியில் குட்டி விளக்கு வேறு எரியும். நிஜ சிகரெட்டின் கங்கு மாதிரி.

அந்த சென்சாருக்குள் என்னதான் இருக்கிறது? ஒரு மைக். வேடிக்கை இல்லை. 1962-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் சேர்ந்து எலக்ட்ரெட் மைக்கைக் கண்டுபிடித்தார்கள். பின்னால் டெலிபோன், டேப் ரெக்கார்டர், செல்போன் என்று எங்கே பார்த்தாலும் அதுதான். மெல்லிய ஒரு தகடு. சத்தம் பட்டால் அதிரும். அதிர்ந்தால் மின்னழுத்தம் மாறும். பெரும்பாலான இ-சிகரெட்டுகளில் இருப்பது அதன் ஒன்றுவிட்ட தம்பி. நீங்கள் உறிஞ்சினால் குழலுக்குள் காற்றழுத்தம் ஒரு துளி குறைகிறது. தகடு லேசாக வளைகிறது. சிப் அதைக் கண்டுகொண்டு பேட்டரியின் கதவைத் திறந்துவிடுகிறது. கம்பிச்சுருள் கண் இமைக்கிற நேரத்தில் சூடாகி, பஞ்சில் ஊறியிருக்கிற திரவத்தை ஆவியாக்குகிறது. உறிஞ்சுவதை நிறுத்தினால் கதவு மூடிவிடும். நம் பேச்சைக் கேட்க வந்த தகடு, நம் மூச்சைக் கேட்க ஆரம்பித்தது இப்படித்தான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எப்போது சூடாக்குவது என்று சென்சாருக்குத் தெரியும். எவ்வளவு என்று தெரியாது. பஞ்சு காய்ந்துபோனால் கம்பி பழுத்துவிடும். திரவம் கருகும். 2015 ஜனவரியில் போர்ட்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். 3.3 வோல்ட்டில் பிரச்னை இல்லை. 5 வோல்ட்டுக்கு ஏற்றியபோது ஆவியில் ஃபார்மால்டிஹைட் அகப்பட்டது. புற்றுநோய் தரக்கூடிய சமாசாரம். அந்தச் சூட்டில் தொண்டை கமறும், எவனும் இழுக்க மாட்டான் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது.

இதற்கும் ஒரு வைத்தியம் வந்தது. 2014-ல் எவால்வ் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட டிஎன்ஏ 40 என்ற சர்க்யூட். நிக்கல் கம்பியில் ஒரு விசேஷம். சூடு ஒரு டிகிரி ஏறினால் அதன் மின்தடை கிட்டத்தட்ட 0.6 சதவீதம் ஏறும். மின்தடையை அளந்துகொண்டே இருந்தால் கம்பி எவ்வளவு சூடு என்று தெரிந்துவிடும். தெர்மாமீட்டர் தனியாக வேண்டாம். அடுப்பே தன் ஜுரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். எல்லை தாண்டினால் சிப் மின்சாரத்தைக் குறைத்துவிடும்.

அப்புறம் என்ன? 2015-ல் 'ஜூல்' வந்தது. ஸ்டான்ஃபோர்டில் படித்த ஜேம்ஸ் மான்சீஸ், ஆடம் போவன் இருவரின் தயாரிப்பு. பார்க்க பென் டிரைவ் மாதிரி இருக்கும். பொத்தான் கிடையாது. டயல் கிடையாது. மூச்சை உணர சென்சார், சூட்டைக் கட்டுப்படுத்த சிப். ஒரு குப்பியில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்கு நிக்கோடின். வாயில் வைத்து இழுக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவர்களில் இ-சிகரெட் பிடிப்பவர்கள் 2017-ல் 11.7 சதவீதம். அடுத்த வருடமே 20.8. அதே 2018 டிசம்பரில் மார்ல்பரோ விற்கிற ஆல்ட்ரியா நிறுவனம் 1,280 கோடி டாலர் கொடுத்து ஜூலில் 35 சதவீதப் பங்கு வாங்கியது. வழக்குகளும் தடைகளும் வரிசை கட்டின. 2022 முடிவில் அந்தப் பங்கின் மதிப்பு 25 கோடி டாலர்! இந்தியா 2019-ல் சட்டம் போட்டு இ-சிகரெட் தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி, விளம்பரம் எல்லாவற்றையும் தடை செய்தது. முதல் முறை சிக்கினாலே ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பழைய சிகரெட்டில் சில தொல்லைகள் உண்டு. தீப்பெட்டி தேட வேண்டும். வெளியே போக வேண்டும். நாற்றம் காட்டிக்கொடுக்கும். ஐந்தாறு நிமிடத்தில் அது தானாகவே தீர்ந்து விரலைச் சுடும். அடுத்ததைப் பற்றவைக்கலாமா, வேண்டாமா என்று யோசிக்க அங்கே ஓர் இடைவெளி கிடைத்தது. பொத்தானை எடுத்தபோது அந்த இடைவெளியும் சேர்ந்து போய்விட்டது. பல கருவிகளில் தொடர்ந்து இழுத்தால் சில நொடிகளில் ஹீட்டர் தானாக அணையும். அந்த அக்கறை கம்பிக்காக. இழுப்பவருக்காக இல்லை.

ஹான் லிக்கின் பேட்டண்டுகளை 2013-ல் இம்பீரியல் டுபாக்கோ நிறுவனம் 7.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. புகையை விடுவதற்காகக் கருவி கண்டுபிடித்த அந்த மனிதர், அதற்குப் பிறகு கொடுத்த பேட்டிகளில் சொன்னது: சிகரெட்டையும் விடவில்லை, இதையும் விடவில்லை. இரண்டும் ஓடுகிறது.